அரசியல் அறிவியல் படிக்கப் பல்கலைக்கழகத்தைத் தேர்வு செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

அரசியல் அறிவியல் படிப்பது என்று முடிவெடுத்தவுடன் பலரும் முதலில் திறப்பது உலகத் தரவரிசைப் பட்டியலைத்தான். மேலே இருக்கும் பெயர்களைக் குறித்துக்கொள்கிறார்கள், கட்டணத்தைப் பார்த்துச் சிலவற்றை அடிக்கிறார்கள், மிச்சத்துக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ இந்த வழி ஓரளவு சரிவரும். அங்கே அடிப்படைப் பாடங்கள் எங்கு போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அரசியல் அறிவியலில் நிலைமை வேறு. ஒரே பெயருள்ள பட்டத்துக்கு ஒரு துறை பிளேட்டோ, ஹாப்ஸ், மார்க்ஸ் என்று மூலநூல்களை வரிவரியாகப் படிக்க வைக்கும். இன்னொரு துறை முதல் ஆண்டிலேயே தேர்தல் தரவுகளையும் புள்ளியியல் மென்பொருளையும் கையில் கொடுத்துவிடும். மூன்றாவது ஒன்று போர், ஒப்பந்தம், ஐ.நா. என்று உலக அரசியலைச் சுற்றியே ஓடும். மூன்றுமே நல்ல படிப்புகள்தான். ஆனால் ஒன்றுக்காகவே பிறந்ததுபோல் இருக்கும் மாணவர் இன்னொன்றில் மூச்சுத் திணறிப்போவார்.

அதனால் இந்த வழிகாட்டி பல்கலைக்கழகத்தின் பெயரைவிடத் துறையின் குணத்தைத்தான் அதிகம் பேசும். அந்தக் குணத்தை வெளியிலிருந்தே கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன. கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: உங்கள் கேள்வி எது?

துறையின் பெரிய பிரிவுகள் நான்கைந்துதான்: அரசியல் கோட்பாடு, ஒப்பீட்டு அரசியல், சர்வதேச உறவுகள், பொது நிர்வாகமும் கொள்கையும், அப்புறம் ஆய்வு முறையியல் (ஆய்வை எப்படிச் செய்வது என்பதைப் பற்றிய படிப்பு). சில நாடுகளில் சொந்த நாட்டு அரசியல் தனிப் பிரிவாகவே இருக்கும். இந்தப் பெயர்களை மட்டும் பார்த்து உங்களுக்கு எது பிடிக்கும் என்று சொல்வது கடினம். கேள்விகளாக மாற்றிப் பாருங்கள்.

ஓர் அரசுக்கு நாம் ஏன் கீழ்ப்படிய வேண்டும், சமத்துவம் என்றால் எதில் சமம் என்ற யோசனை உங்களை விடாமல் பிடித்திருந்தால் நீங்கள் கோட்பாட்டின் ஆள். ஒரே நேரத்தில் விடுதலை பெற்ற இரண்டு நாடுகளில் ஒன்றில் ஜனநாயகம் நிலைத்து, மற்றொன்றில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது ஏன் என்று கேட்பவர் ஒப்பீட்டு அரசியலுக்குள் நுழைந்துவிட்டார். அணு ஆயுதம் போரைத் தடுக்கிறதா தூண்டுகிறதா என்பது சர்வதேச உறவுகளின் கேள்வி. நல்ல சட்டம் ஒன்று தரைக்கு வரும்போது ஏன் சிதைந்துபோகிறது என்பது பொதுக் கொள்கையின் கேள்வி.

உங்களை உண்மையில் உறுத்தும் மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். செய்தி படிக்கும்போது உங்களுக்குக் கோபமோ குழப்பமோ எங்கே வருகிறது என்று கவனித்தால் அவை தானாகக் கிடைக்கும். பின்னால் வரும் ஒவ்வொரு படியிலும் இந்தத் தாள் தேவைப்படும். எதுவும் தெளிவாகப் பிடிபடவில்லை என்றாலும் பரவாயில்லை. அப்படிப்பட்டவர்கள் முதல் ஆண்டில் எல்லாப் பிரிவுகளையும் அறிமுகப்படுத்திவிட்டு, பிறகு தேர்ந்தெடுக்கவிடும் படிப்பைத் தேட வேண்டும்.

தேர்தலில் நிற்க வேண்டும், கட்சியில் வளர வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் படிப்பு அரசியலைப் புரிந்துகொள்ளக் கற்றுத்தரும். அரசியல் செய்யும் பயிற்சியை அது தராது. அந்த எதிர்பார்ப்போடு வருபவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே சோர்ந்துவிடுகிறார்கள்.

படி 2: துறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதைப் பாருங்கள்

ஒரு துறை எதற்காகத் தொடங்கப்பட்டது என்பது நூறு ஆண்டுகள் கழிந்தும் அதன் பாடங்களில் தெரியும். பிரெஞ்சு-பிரஷ்யப் போரில் பிரான்ஸ் தோற்றபின், நாட்டை நடத்தத் தெரிந்த ஒரு தலைமுறையை உருவாக்க வேண்டும் என்று எமில் பூத்மி 1872இல் பாரிஸில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய சியான்ஸ் போ. அரசாங்க அதிகாரிகளையும் தூதர்களையும் உருவாக்கும் அந்த வாசனை இன்றும் அங்கே உண்டு. சட்டம், பொருளாதாரம், வரலாறு எல்லாம் கலந்தே வரும். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் 1895இல் சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் உள்ளிட்ட ஃபேபியன் சோஷலிஸ்டுகளால் (புரட்சி இல்லாமல் படிப்படியாகச் சமூகத்தை மாற்ற விரும்பியவர்கள்) சமூகச் சீர்திருத்த நோக்கத்தோடு தொடங்கப்பட்டது. சமூக அறிவியலுக்கென்றே ஒரு நிறுவனம் என்பதால், அங்கே அரசியல் படிக்கிறவரின் பக்கத்து வகுப்பில் இருப்பவரும் பொருளாதாரமோ சமூகவியலோ மானுடவியலோ படிப்பவராக இருப்பார். வேல்ஸில் உள்ள அபெரிஸ்த்வித்தில் 1919இல், முதல் உலகப் போர் முடிந்த கையோடு, சர்வதேச அரசியலுக்கென உலகின் முதல் பேராசிரியர் பதவி உருவானது. இன்றும் சர்வதேச உறவுகள் படிப்பவர்கள் அந்தச் சிறிய கடலோர ஊரின் பெயரை மரியாதையோடு சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நடந்த மாற்றம் இன்னும் முக்கியம். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1948இலிருந்து வாக்காளர்களிடம் தேர்தல் ஆய்வுகளை நடத்தத் தொடங்கியது. வாக்காளர் ஏன் இப்படி வாக்களிக்கிறார் என்பதை எண்களால் ஆராயும் மரபு அங்கே வேரூன்றியது. 1962இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்த வில்லியம் ரைக்கர், விளையாட்டுக் கோட்பாட்டையும் (ஒருவர் முடிவு மற்றவர் முடிவைப் பொறுத்திருக்கும் சூழல்களைக் கணிதத்தால் ஆராயும் ‘கேம் தியரி’) கணித மாதிரிகளையும் அரசியலுக்குள் கொண்டுவந்தார். இந்தியானா பல்கலைக்கழகத்தில் எலினார் ஆஸ்ட்ரமும் வின்சென்ட் ஆஸ்ட்ரமும் 1973இல் ஓர் ஆய்வுப் பட்டறையைத் தொடங்கினார்கள். மீனவர்களும் விவசாயிகளும் நீரையும் காட்டையும் அரசின் கட்டளை இல்லாமலே எப்படிப் பகிர்ந்து காக்கிறார்கள் என்று களத்துக்கே போய்ப் படித்த மரபு அது. 2009இல் எலினார் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்ணான அவர் பயிற்சியால் அரசியல் அறிவியலாளர்.

எண்களின் ஆதிக்கத்துக்கு எதிர்ப்பும் வந்தது. 2000ஆம் ஆண்டில் ‘பெரஸ்ட்ரோய்கா’ என்ற புனைபெயரில் வந்த ஒரு மின்னஞ்சல், அமெரிக்க அரசியல் அறிவியல் கழகமும் அதன் முதன்மை ஆய்விதழும் புள்ளியியலுக்கும் கணித மாதிரிகளுக்கும் மட்டுமே இடம் கொடுக்கின்றன என்று சாடியது. அந்த விவாதம் பெரிதாகப் பரவியது. 2003இல் அதே கழகம் இன்னும் பரந்த வாசகர்களுக்காகப் புதிய ஓர் இதழைத் தொடங்கியது. இந்தச் சண்டை முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் சேரப்போகும் துறை இதில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது உங்கள் அன்றாட வாழ்வைத் தீர்மானிக்கும். வாரம் முழுக்க வாசித்துக் கட்டுரை எழுதுவீர்களா, அல்லது ஆர், ஸ்டாட்டா போன்ற மென்பொருள்களில் தரவுகளோடு மல்லுக்கட்டுவீர்களா என்பது அதைப் பொறுத்தது.

படி 3: பட்டத்தின் அமைப்பு

இதைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். அமெரிக்காவில் இளங்கலை நான்கு ஆண்டுகள். பல துறைப் பாடங்களையும் படித்துவிட்டு, சில பருவங்கள் கழித்து முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கிலாந்தில் மூன்று ஆண்டுகள், விண்ணப்பிக்கும்போதே பாடத்தை முடிவு செய்துவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் ஆனர்ஸ் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள், நடுவில் மாற்றிக்கொள்ளவும் இடம் அதிகம். உயர்கல்வி அமைப்புகளை ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்ய ஐரோப்பிய நாடுகள் கையெழுத்திட்ட 1999இன் போலோன்யா பிரகடனத்துக்குப் பிறகு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இளங்கலைக்குப் பின் தனியாக முதுகலை என்ற அமைப்பு வந்துவிட்டது. மனம் இன்னும் அலைபாய்கிறவர்களுக்கு அமெரிக்க, ஸ்காட்டிஷ் அமைப்புகள் பாதுகாப்பானவை.

கூட்டுப் படிப்புகளையும் கவனியுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு 1920இல் தொடங்கிய தத்துவம், அரசியல், பொருளாதாரம் என்ற மூன்றும் சேர்ந்த படிப்பைப் பிற்பாடு பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் பின்பற்றின. கொள்கை ஆய்வில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அரசியலோடு பொருளாதாரம் சேர்வது பெரிய பலம். தேடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். இதே துறைக்கு ஹார்வர்டில் ‘கவர்ன்மென்ட்’, பிரின்ஸ்டனில் ‘பாலிடிக்ஸ்’ என்று பெயர். ஒரே சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் நல்ல துறைகள் கண்ணில் படாமலே போய்விடும்.

படி 4: பாடத்திட்டத்தைத் தோண்டிப் படியுங்கள்

ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அது இதுவாக இருக்கட்டும். துறையின் இணையதளத்தில் மாணவர்கள் சிரிக்கும் படங்களுக்குப் பின்னால், ‘மாட்யூல்’ என்றோ ‘கோர்ஸ் கேட்டலாக்’ என்றோ ஒரு பக்கம் இருக்கும். அங்கே போய், முடிந்தால் ஒவ்வொரு பாடத்தின் முழு சிலபஸையும் இறக்கிக்கொள்ளுங்கள். பல ஆசிரியர்கள் தங்கள் சொந்தப் பக்கத்திலேயே அதைப் போட்டு வைத்திருப்பார்கள்.

முதலில் கட்டாயப் பாடங்களைப் பாருங்கள். ஒரு துறை எதைக் கட்டாயமாக்குகிறதோ அதுதான் அதன் உண்மையான நம்பிக்கை. இரண்டு புள்ளியியல் தாள்கள் கட்டாயம், கோட்பாடு விருப்பப் பாடம் என்றால் அந்தத் துறையின் சாய்வு தெரிந்துவிட்டது. அடுத்து வாராந்தர வாசிப்புப் பட்டியலுக்குப் போங்கள். மூலநூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் இருக்கின்றனவா, அல்லது பருவம் முழுக்க ஒரே பாடநூலின் அத்தியாயங்கள்தானா? முதல் ஆண்டில் பாடநூல் இருப்பது தவறில்லை. கடைசி ஆண்டிலும் அதுவே என்றால் யோசிக்க வேண்டியதுதான்.

‘ஒப்பீட்டு அரசியல்’ என்ற பாடத்தில் எந்தெந்த நாடுகள் வருகின்றன என்பது நல்ல சோதனை. உலகம் முழுவதையும் படிப்பதாகச் சொல்லும் தாளில் நான்கு ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் மட்டும் இருப்பது அபூர்வம் இல்லை. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா பற்றிய பாடங்கள் உள்ளனவா, அவற்றை அந்தப் பகுதியின் மொழியும் களமும் தெரிந்தவர்கள் நடத்துகிறார்களா என்று பாருங்கள். உங்கள் தாளில் எழுதிய கேள்விகள் இந்தப் பகுதிகளைச் சேர்ந்தவை என்றால், பிரபலமான துறைகூட உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

அட்டவணையில் அறுபது விருப்பப் பாடங்கள் இருக்கலாம். இந்த ஆண்டு உண்மையில் எத்தனை நடக்கின்றன என்பதுதான் கேள்வி. நடப்புப் பருவத்தின் கால அட்டவணையைத் தேடி ஒப்பிட்டால் விஷயம் வெளிவந்துவிடும்.

மதிப்பீட்டு முறையும் பெரிய விஷயம். முழுக்க முழுக்க ஆண்டிறுதித் தேர்வா, தொடர்ந்து எழுதும் கட்டுரைகளா, கடைசியில் ஆய்வேடு உண்டா? அரசியல் அறிவியலில் வளர்ச்சி எழுதித்தான் வருகிறது. எழுதியதை ஒருவர் வரிக்கு வரி படித்து, இந்த வாதம் நிற்கவில்லை, இந்தச் சான்று போதாது என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். அது நடக்கும் இடமா என்று தெரிந்துகொள்ள செமினாரின் அளவைப் பாருங்கள். முந்நூறு பேர் உட்காரும் விரிவுரை இருப்பதில் தப்பில்லை. அதோடு சேர்ந்து பன்னிரண்டு, பதினைந்து பேர் விவாதிக்கும் சிறு வகுப்பும் இருக்க வேண்டும்.

இறக்கிய சிலபஸ் ஒன்றிலிருந்து ஒரு வாரத்து வாசிப்பை எடுத்து உண்மையிலேயே படித்துப் பாருங்கள். யேல் பல்கலைக்கழகத்தின் திறந்த வகுப்புகளில் அரசியல் தத்துவ விரிவுரைகள் முழுமையாக இலவசமாகக் கிடைக்கின்றன. எம்.ஐ.டி.யின் ஓப்பன்கோர்ஸ்வேரில் அரசியல் அறிவியல் பாடங்களின் வாசிப்புப் பட்டியல்கள் இருக்கின்றன. இரண்டு மூன்று விரிவுரைகளைக் கேட்டு அதற்கான வாசிப்பையும் முடித்தபின், மேலே படிக்க ஆசை வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் பிரிவையே மாற்றி யோசிக்க இன்னும் நேரம் இருக்கிறது.

படி 5: யார் கற்பிக்கிறார்கள்?

இளங்கலைக்கும் ஆய்வுப் படிப்புக்கும் இங்கே கணக்கு வேறு. இளங்கலை மாணவருக்குப் புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவர் துறையில் இருப்பதால் மட்டும் லாபம் இல்லை. அவர் முனைவர் பட்ட மாணவர்களுக்கு மட்டும் வகுப்பெடுக்கலாம், ஆய்வு விடுப்பில் இருக்கலாம். முதலாம் ஆண்டு வகுப்புகளை யார் எடுக்கிறார்கள், அவர்கள் நிரந்தர ஆசிரியர்களா ஆண்டுக்கு ஆண்டு மாறும் ஒப்பந்த ஆசிரியர்களா என்று பாருங்கள். ஒப்பந்த ஆசிரியர்களில் அருமையாகக் கற்பிப்பவர்கள் ஏராளம். ஆனால் அடுத்த ஆண்டு பரிந்துரைக் கடிதம் வேண்டும்போது அவர் அங்கே இல்லாமல் போகலாம்.

முனைவர் பட்டத்துக்கு என்றால் ஆசிரியர்தான் எல்லாம். உங்கள் கேள்விக்கு அருகில் வேலை செய்பவர் துறையில் குறைந்தது இரண்டு மூன்று பேர் இருக்க வேண்டும். ஒரே ஒருவரை நம்பிப் போகாதீர்கள். பேராசிரியர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிடுவார்கள், ஓய்வு பெறுவார்கள். அவர்களுடைய அண்மைக் கட்டுரைகளைப் படித்துவிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘உங்கள் ஆய்வுகள் என்னைக் கவர்ந்தன’ என்று தொடங்கும் பொதுவான கடிதத்தை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். குறிப்பான ஒரு வாதத்தைப் பிடித்துக் குறிப்பாக ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

படி 6: தரவரிசையை எப்படி வாசிப்பது?

தூக்கி எறிய வேண்டாம், ஆனால் எதை அளக்கிறது என்று தெரிந்து வாசியுங்கள். க்யூ.எஸ். நிறுவனத்தின் பாடவாரிப் பட்டியலில் பெரும் எடை கல்வியாளர்களிடமும் வேலை கொடுப்பவர்களிடமும் கேட்டுப் பெறும் நற்பெயருக்குப் போகிறது. ஒருவரின் ஆய்வை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை சுட்டுகிறார்கள் என்ற மேற்கோள் எண்ணிக்கைக்கும் இடம் உண்டு. நற்பெயர் மெதுவாக மாறும் ஒன்று. பத்தாண்டுக்கு முன் நன்றாக இருந்த துறை இன்று ஆசிரியர்களை இழந்திருந்தாலும் பெயர் மேலேயே நிற்கும். மேற்கோள் கணக்கோ ஆய்விதழ்க் கட்டுரைகளுக்குச் சாதகமானது. அரசியல் கோட்பாட்டில் பல ஆண்டுகள் உழைத்து எழுதும் ஒரு நூல் அதில் சரியாகப் பதிவதில்லை. கற்பிக்கும் தரத்தை இந்த எண்கள் ஏறக்குறைய தொடுவதே இல்லை. பெரிய குழுக்களாக, முதல் ஐம்பது, அடுத்த ஐம்பது என்று பார்த்தால் பட்டியல் பயன்படும். 14ஆம் இடத்துக்கும் 19ஆம் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து முடிவெடுப்பதில் அர்த்தமில்லை.

படி 7: நூலகம், தரவு, இடம்

தலைநகரில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வசதி உண்டு. நாடாளுமன்றம், தூதரகங்கள், கட்சி அலுவலகங்கள், ஆவணக் காப்பகங்கள் எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கும். பருவத்தின் நடுவிலேயே பயிற்சிப் பணி செய்யலாம். சிறிய ஊரின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் நெருக்கமாக இருப்பார்கள், வாசிக்க நேரம் கிடைக்கும். இரண்டில் எது பெரிது என்பது உங்கள் இயல்பைப் பொறுத்தது.

சில இடங்கள் ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் பெயர் பெற்றவை. ஜனநாயகத்தை நாடு வாரியாக அளக்கும் வி-டெம் ஆய்வு நிறுவனம் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் எசெக்ஸில் 1967இல் தொடங்கிய சமூக அறிவியல் தரவுக் காப்பகமும், அடுத்த ஆண்டிலிருந்து நடக்கும் முறையியல் கோடைப் பள்ளியும் உண்டு. எண்களோடு வேலை செய்ய ஆசைப்படுபவர்கள் இந்த மாதிரி இடங்களைத் தேட வேண்டும்.

படி 8: வாயைத் திறந்து பேசக்கூடிய இடமா?

வேதியியல் மாணவருக்கு இந்தக் கேள்வி இரண்டாம் பட்சமாக இருக்கலாம். அரசியல் படிப்பவருக்கு இது முதன்மையானது. ஆளும் கட்சியைப் பற்றி, ராணுவத்தைப் பற்றி, மதத்தைப் பற்றி வகுப்பில் வாதிட முடியாத இடத்தில் அரசியல் அறிவியல் வெறும் அரசியலமைப்புச் சட்டப் பிரிவுகளின் மனப்பாடமாகச் சுருங்கிவிடும்.

இது கற்பனை அச்சம் இல்லை. புடாபெஸ்டில் இயங்கிவந்த மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் அரசியல், சமூக அறிவியல் படிப்புகளுக்குப் பேர்போனது. 2017இல் ஹங்கேரி அரசு கொண்டுவந்த ஒரு சட்டத்தால், அங்கே அமெரிக்க அங்கீகாரம் பெற்ற பட்டங்களுக்குப் புதிய மாணவர்களைச் சேர்க்க முடியாத நிலை வந்து, 2019இல் அது வியன்னாவுக்கு இடம்பெயர்ந்தது. அந்தச் சட்டம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. அதற்குள் பல்கலைக்கழகம் போய்விட்டிருந்தது. நாடு வாரியாகக் கல்விச் சுதந்திரத்தை அளக்கும் ‘அகடமிக் ஃப்ரீடம் இண்டெக்ஸ்’ என்ற குறியீடு இலவசமாகக் கிடைக்கிறது, பாருங்கள். நாட்டு அளவில் நன்றாக இருந்தாலும் வளாகத்தின் நிலையை மாணவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஆசிரியரின் கருத்துக்கு எதிராக எழுதிய கட்டுரை நல்ல மதிப்பெண் வாங்குமா என்று கேளுங்கள்.

படி 9: பணம்

கல்விக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல் முழுப் படிப்புக் காலத்தின் செலவையும் கூட்டுங்கள்: தங்குமிடம், விசா, காப்பீடு, ஆண்டுதோறும் ஏறும் கட்டணம். முதுகலைக்கு பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை, ஐரோப்பாவில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் படிக்கவைக்கும் எராஸ்மஸ் முண்டஸ், ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் உதவித்தொகை ஆகியவை தேடிப் பார்க்க வேண்டியவை. நிபந்தனைகளைக் கவனமாக வாசியுங்கள். செவனிங்குக்கு முன்அனுபவம் வேண்டும், படித்து முடித்தபின் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் இருக்கவும் வேண்டும்.

முனைவர் பட்டம் பற்றி என் கருத்து உறுதியானது: நிதி உதவி இல்லாத இடத்தில் சேராதீர்கள். ஐந்தாறு ஆண்டுகள் கடன் வாங்கிப் படித்து முடிக்கும் துறை இது இல்லை.

படி 10: படித்தவர்கள் எங்கே போனார்கள்?

ஆட்சிப் பணி, சட்டம், இதழியல், தூதரகப் பணி, தொண்டு நிறுவனங்கள், கருத்துக்கணிப்பு நிறுவனங்கள், ஆய்வு மையங்கள், கல்வித்துறை என்று இந்தப் படிப்பின் வழிகள் பலவாகப் பிரியும். அதனாலேயே துறை உங்களை எந்த வழிக்குத் தயார் செய்கிறது என்று கேட்க வேண்டும். சாதித்த ஒரு பழைய மாணவரின் படத்தைக் காட்டினால் போதாது. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் முடித்தவர்கள் எல்லோரும் எங்கே இருக்கிறார்கள் என்ற விவரம் வேண்டும். லிங்க்ட்இன்னில் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பாடத்தையும் போட்டுத் தேடினால் ஓரளவு உண்மை தெரியும். முனைவர் பட்டத் துறைகளில் பல, தங்கள் மாணவர்களுக்குக் கிடைத்த வேலைகளை ஆண்டுவாரியாக வெளியிடுகின்றன. வெளியிடாத துறையிடம் நேரடியாகக் கேட்கத் தயங்காதீர்கள்.

படி 11: மாணவர்களிடம் பேசுங்கள்

அறிமுக நாளில் மேடையேற்றப்படும் மாணவர்களைத் தவிர வேறு இரண்டு பேரைக் கண்டுபிடியுங்கள். கடைசி ஆண்டில் இருப்பவர் ஒருவர், படிப்பை நடுவில் மாற்றிக்கொண்டவர் ஒருவர். இரண்டாமவரிடம்தான் அதிகம் தெரிந்துகொள்ளலாம். ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்ற பதில்தான் வரும். கடைசியாக எழுதிய கட்டுரை எத்தனை நாளில் திரும்பியது, அதில் ஆசிரியர் என்ன எழுதியிருந்தார், கேட்ட விருப்பப் பாடம் கிடைத்ததா, ஆய்வேட்டு வழிகாட்டியை எத்தனை முறை பார்க்க முடிந்தது என்று கேளுங்கள்.

படி 12: பட்டியல், விண்ணப்பம், முடிவு

இப்போது பட்டியலை ஆறு அல்லது எட்டாகச் சுருக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, உங்கள் மூன்று கேள்விகளில் எதற்கு அங்கே பாடம் இருக்கிறது, யார் நடத்துகிறார் என்று எழுதுங்கள். எதுவும் எழுத வராத பெயரை அடித்துவிடுங்கள், அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி. இந்தக் குறிப்புகளே பிறகு உங்கள் நோக்க அறிக்கையின் முதுகெலும்பாகிவிடும்.

விதிகளைச் சரிபாருங்கள். பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் (UCAS) வழியாக இளங்கலைக்கு அதிகபட்சம் ஐந்து இடங்களுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் போட முடியாது, அவற்றின் கடைசி நாளும் மற்றவற்றுக்கு முன்னால் அக்டோபரிலேயே வந்துவிடும்.

இடம் கிடைத்த பிறகு உடனே சரி சொல்ல வேண்டியதில்லை. இரண்டு இடங்கள் கிடைத்திருந்தால், உதவித்தொகையைக் கூட்ட முடியுமா என்று மரியாதையாகக் கேட்டு எழுதலாம். மற்ற இடத்தின் கடிதத்தையும் இணைக்கலாம். அமெரிக்காவில் நிதி உதவியோடு வரும் முதுநிலை அழைப்புகளுக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருவது என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. யாராவது அதற்கு முன்பே அவசரப்படுத்தினால் இந்த ஏற்பாட்டைச் சுட்டிக்காட்டிக் கூடுதல் நாள் கேளுங்கள். அந்த நாட்களில் இரண்டு துறைகளின் நடப்புப் பருவ சிலபஸ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி ஒருமுறை வாசித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.